ஆடியில் அனுப்பிய தூது

“எந்தெந்த நாட்டுக்கோ தூது போயிகினு வந்த. எனக்காக இந்தப் பூந்தமல்லிக்கு ஒரு வாட்டி போயிட்டு வாயேண்ணா.”

என் தங்கை இதைச் சொன்னது தையல் மிஷினை நிறுத்தாமல்தான். முக்கியமான விஷயம் எதையும் அவள் மிஷின் ஓடும்போதுதான் சொல்வாள். பாதி சத்தத்தில் போய்விடும் என்ற தைரியம். காதில் விழுந்தவன் பதில் சொல்லலாம், விழாததுபோல இருக்க நினைப்பவனுக்கும் வசதி. வெளியுறவுப் பணியில் முப்பத்தாறு வருஷம் சுற்றி நான் கற்ற வித்தையை அவள் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் மூன்று மிஷின் போட்டு உட்கார்ந்த இடத்திலேயே கற்றிருந்தாள்.

பூந்தமல்லியில் இருந்தவர் ஒரு தையல் மிஷின் மெக்கானிக். ஐம்பத்திரண்டு வயது. மனைவி போய் ஏழு வருஷம், ஒரே மகளை வானகரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார். என் தங்கைக்கு நாற்பத்தெட்டு. கணவனை இழந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகன் இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். பத்து வருஷமாக அந்த மனிதர்தான் அவள் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறார். முதலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தவர், பிறகு மாதம் ஒருமுறை வந்தார். நான் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது ஸ்கூட்டர் வாரத்துக்கு ஒருமுறை கடை வாசலில் நின்றது.

ஒருநாள் நானே கேட்டேன், “மிஷின்ல இன்னா சார் ரிப்பேர்?”

“ரிப்பேர்லாம் ஒண்ணும் இல்ல சார். சும்மா எண்ணெ உட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

போன வாரம் விட்ட எண்ணெயே வழிந்து தரையில் பாய் விரித்திருந்தது. என் தங்கை தலையைக் குனிந்து, தைத்து முடித்த காஜாவையே மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் மகனிடம் போனில் பேசிப் பார்த்தேன். அவன் ஒரே வரியில் முடித்தான். “மாமா, எனக்குப் பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடி அம்மா வேலைய முடிச்சுடுங்க, அப்பதான் என் கல்யாணத்துல மேடைல நிக்க ஜோடியா ஆள் இருக்கும்.” இந்த வாக்கியத்தை என் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்ல, பட்டம்கூடத் தபாலில் வாங்கியதுதான். படித்துவிட்டுப் பேச வந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் பேசிப் பேசியே படித்தவன். அதனால் எங்கே யார் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாலும் குறித்துக்கொள்வேன். ஒரு பெட்டி நிறைய நோட்டுகள் சேர்ந்துவிட்டன. பெரிய தலைவர்கள் சொன்னது அவற்றில் மிகக் குறைவு.

எங்களுடையது திருமுல்லைவாயிலில் நிலம் உழுத குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப்போன காலத்தில் அப்பா ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர, குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எங்கள் பிளாக்கில் மாடியில் ஒரு வங்காளிக் குடும்பம், பக்கத்தில் பஞ்சாபி, எதிரில் மலையாளி, கீழே தெலுங்கு. எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். தண்ணீர் வரும் அரைமணி நேரத்தில் ஐந்து மொழியில் சண்டை நடக்கும். நான் வாளியோடு நடுவில் நின்று இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்வேன். கெட்ட வார்த்தையை விட்டுவிட்டு மீதியை மட்டும். மீதி பெரும்பாலும், “என் குழந்தை ஸ்கூலுக்குப் போகணும், ஒரு குடம் முதல்ல விடு” என்ற அளவில்தான் இருக்கும். பஞ்சாபி அம்மாள் ஒருமுறை என் காதைப் பிடித்து, “நீ சொல்லும்போது மட்டும் அவள் நல்லவள் மாதிரி இருக்கிறாள்” என்றார். என் முதல் நியமனம் அந்தக் குழாயடிதான் என்று பின்னாளில் நினைத்துக்கொள்வேன்.

பரீட்சை எழுதி வெளியுறவு அமைச்சகத்தில் குமாஸ்தாவாகப் போனேன். டெல்லிக்கு ரயில் ஏற்றும்போது அப்பா சொன்னார், “இப்போ ஃபைலத் தூக்கினு போறவனாப் போற. ஃபைல்ல கையெழுத்துப் போடறவனாத் திரும்பி வா.” கையெழுத்துப் போடும் இடத்துக்கு வர இருபது வருஷம் ஆயிற்று. நடுவில் ஒரு குளிர்நாட்டில் ரகசியக் காகிதங்களை எண்ணி அடுக்கினேன். ஒரு பாலைவன நாட்டில் பாஸ்போர்ட் கவுன்ட்டரில் ஐந்து வருஷம் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையிலேயே அதிகமாகச் சிரித்தது அங்கேதான். கட்டட வேலைக்கு வந்த நம்மூர் ஆள் ஒருவர் புது பாஸ்போர்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார், “சார், இந்த மூஞ்சிய வெச்சினு வந்தா நானே எனக்கு விசா தரமாட்டேன்.” இன்னொருவர் ஊரிலிருக்கும் மனைவிக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதித்தரச் சொன்னார். என்ன எழுதட்டும் என்றேன். “நல்லா இருக்கேன்னு எழுதுங்க. ஆனா நம்பற மாதிரி எழுதுங்க.” தூதரகங்களில் நான் எழுதிய அத்தனை குறிப்புகளுக்கும் அதைவிடச் சரியான உத்தரவு எனக்கு வந்ததில்லை.

கடைசி மூன்று வருஷம் ஒரு சின்னத் தீவு நாட்டுக்குத் தூதர். கார் முனையில் கொடி. அந்த நாட்டின் தலைவரிடம் நியமனக் கடிதத்தைக் கொடுக்க மூன்று அடி நடந்து, நின்று, குனிந்து, மறுபடி நடக்க வேண்டும். அதை ஹோட்டல் அறையில் அலமாரியைத் தலைவராக வைத்துக்கொண்டு பயிற்சி செய்தேன். மனைவி கட்டிலில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டாள். “அலமாரிக்கே உங்க மேல மரியாதை வந்துடுச்சு, போதும் வாங்க, சாப்பிடலாம்” என்றாள்.

ஒரு நாட்டுக்குத் தூதரை அனுப்புமுன் ஒரு வழக்கம் இருக்கிறது. இந்தக் கதைக்கு அதுதான் வேர், அதனால் பொறுமையாகக் கேளுங்கள். இன்னாரை அனுப்பலாமென்று இருக்கிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று அந்த நாட்டிடம் முன்கூட்டியே ரகசியமாகக் கேட்பார்கள். சம்மதமென்றால் பதில் வரும். சம்மதமில்லை என்றால் யாரும் ‘இல்லை’ என்று எழுதிவிட மாட்டார்கள். பதிலே வராது. ஒரு மாதம் போகும், இரண்டு மாதம் போகும். அந்த மௌனத்தைப் புரிந்துகொண்டு, கேட்ட நாடு சத்தமில்லாமல் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். கேட்டதாகவும் இல்லை, மறுத்ததாகவும் இல்லை. எவர் முகமும் கறுக்காது.

இளநிலை அதிகாரியாக இருந்தபோது என் மேலதிகாரி ஒருவரின் பெயர் அப்படிப் போனது. அந்த ஃபைலைத் தினமும் எடுத்துப் பார்ப்பது என் வேலை. மூன்று மாதம் தினமும் வெறும் காகிதத்தைப் பார்த்தேன். ஒருநாள் காலை அவரே ஃபைலை மூடி, கட்டி, “இதுவும் ஒரு பதில்தானப்பா” என்று சொல்லிவிட்டு டீ கேட்டார். எனக்கு அந்த நாகரிகத்தின்மேல் ஒரு மயக்கமே வந்துவிட்டது. மனிதர்கள் இவ்வளவு மென்மையாகக்கூட ஒருவரையொருவர் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று.

அந்த மயக்கம்தான் என் தங்கை விஷயத்தில் என்னைக் கவிழ்த்தது.

அவள் கேட்டது ஆனி மாதத் தொடக்கத்தில். “நேராப் போய்க் கேட்டுட்டு வந்துடு” என்றாள். நான் நேராகப் போகவில்லை. நேரில் போய்க் கேட்டால், மறுக்க நினைப்பவருக்குச் சங்கடம். அவருக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். பொருத்தமான மூன்றாம் ஆளைத் தேடி, வார்த்தைகளை யோசித்து, இரண்டுமுறை எழுதிக் கிழித்து, இப்படியே நாட்கள் ஓடின. அவளிடம், “வேலை நடக்குது, விவரம் கேக்காதே” என்று மட்டும் சொன்னேன். ரகசியம் காப்பது எனக்குப் பழக்கம். என் மனைவி அருகில் இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பாள். அவளோ எங்கள் மகளின் பிரசவத்துக்காகக் கடல் தாண்டிப் போயிருந்தாள்.

மூன்றாம் ஆளாகக் கிடைத்தவர் பூந்தமல்லியில் நூல், லைனிங், பட்டன், ஜிப் மொத்தமாக விற்கும் ஒரு பாய். என் தங்கை அவரிடம்தான் சரக்கு எடுக்கிறாள், மெக்கானிக் அவர் கடைக்கு எதிரில்தான் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் மதிக்கும் மனிதர். நான் கடைக்குள் போய், குரலைத் தாழ்த்தி, வார்த்தை வார்த்தையாக எடைபோட்டுச் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு இப்படி ஓர் எண்ணம் இருக்கிறது, அவர் மனம் என்ன என்று தெரிந்தால் நல்லது, எப்படியிருந்தாலும் எங்களுக்கு வருத்தமில்லை என்று.

பாய் என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு நிமிர்ந்து மேலே எதையோ பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இப்பவே சொல்லிடவா சார்?”

“இப்பவே சொல்லிடுங்க பாய்.”

“சரி சார். நீங்க நாலும் தெரிஞ்சவரு.”

மறுநாள் போன் செய்து, “சொல்லிட்டேன் சார்” என்றார். அவ்வளவுதான். அப்புறம் ஒன்றும் வரவில்லை.

நான் தினமும் காலையில், அந்தக் காலத்தில் ஃபைலைப் பார்த்ததுபோல, போனை எடுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரு முனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கி காலை ஐந்து மணிக்கே அம்மனை எழுப்பி, கூடவே என்னையும் எழுப்பியது. நானும் வரிசையில் நின்று, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு கூழ் குடித்தேன். முப்பத்தாறு வருஷம் விட்டுப்போன கூழ். உலகத்தில் எத்தனையோ விருந்துகளில் குடித்ததையெல்லாம் அந்தச் சின்ன வெங்காயம் தோற்கடித்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆயிற்று. பதில் இல்லை. மெக்கானிக்கும் கடைப் பக்கம் வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தேன். மரியாதையாகப் பின்வாங்க வேண்டிய நேரம். பாய்க்குப் போன் போட்டு, “அந்தப் பேச்ச நாங்க அப்படியே விட்டுடறோம் பாய். யார் மேலயும் வருத்தமில்ல. அவர்கிட்டயும் அப்படியே சொல்லிடுங்க” என்றேன். காரணம் கேட்காமல் பாய், “சரி சார்” என்றார்.

அன்று சாயங்காலம் தங்கையிடம் சொன்னேன். “அந்த இடம் சரிப்படலம்மா.”

பதில் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது அவளுக்கு இன்னும் காயமாக இருக்கும் என்று நினைத்து, நாகரிகமாகச் சுருக்கினேன். குழாயடியில் செய்ததுபோல, கடினமானதை விட்டுவிட்டு மீதி.

அவள் மிஷினை நிறுத்தினாள். முக்கியமான விஷயத்துக்கு அவள் மிஷினை நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “சரிண்ணா” என்றாள். பிறகு மறுபடி மிதித்தாள். ஆவணி முகூர்த்தத்துக்கு முப்பத்துச் சொச்சம் கல்யாண ஜாக்கெட் கைவசம் இருந்தது. ஊரிலுள்ள மணப்பெண்களுக்கெல்லாம் கொக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதற்கு நடுவே மூன்றாவது மிஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக், கரகரவென்று இழுக்க ஆரம்பித்தது. தங்கை மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. ஆனால் எப்படியோ தெரிந்து ஒருநாள் வேறொரு ஆள் வந்தார். பெரிய மீசை. “அவுரு அனுப்பிச்சாரு. இனிமே இந்த ஏரியா நான்தான்” என்றார். என் தங்கை உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மீசைக்காரர் போன பிறகு மிஷின் முன்பைவிட அதிகமாகக் கத்தியது.

கடைசி ஞாயிறு. கோயிலில் கூழ். கையில் தூக்கோடு வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு நகர்ந்தார்கள்.

“உன் பொண்ணு வெசயம் இன்னாக்கா ஆச்சி? அந்தப் பட்டாபிராம் ஊட்ல எதுனா சொன்னாங்களா?”

“எங்கடி சொல்லுவாங்க? எங்க ஊட்டுக்காரரு வேற, பதிலே காணோம் பதிலே காணோம்னு பொலம்பினு கீறாரு. யோவ், ஆடில எவன்யா வாயத் தொறப்பான், ஆவணி பொறந்தா தன்னால வரும், பேசாம கூழக் குடின்னேன்.”

எனக்கு முன்னால் வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. தலைக்கு மேல் ஒலிபெருக்கி அம்மனைப் பாடிக்கொண்டிருந்தது. காலடியில் வேப்பிலை. கையில் கூழ்த்தூக்கு. நான்கு வாரமாக ஆடி மாதம் என் காதில் கத்தி, மூக்கில் மணத்து, வயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. குளிர்நாட்டின் பண்டிகை நாட்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பாலைவன நாட்டில் எந்த மாதத்தில் எதைக் கேட்கக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். ஆடியில் நல்ல காரியம் பேச மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

“இன்னா சார், கூழு வாங்கறியா, ஊர்வலம் பாக்க நிக்கறியா?” என்றார் ஊற்றுகிறவர்.

தூக்கை நிரப்பிக்கொண்டு நேராக ஆவடி போய், அங்கிருந்து பூந்தமல்லி பஸ் பிடித்தேன். கூழைத் தங்கை கடையில் வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அது தோன்றியபோது பஸ் பாதி தூரம் போயிருந்தது. மடியில் தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர், “மூடிய இறுக்கிக்கோ பெரீவரே, மேடு பள்ளம் வருது” என்றார்.

பாய் கடை திறந்திருந்தது. வாசலில், என் தலைக்கு நேர் மேலே, பெரிய சிவப்புத் துணியில் எழுதியிருந்தது: ‘ஆடித் தள்ளுபடி’. முதல்முறை வந்தபோதும் அது அங்கேதான் தொங்கியிருக்கிறது. அதன் கீழே நின்றுதான் நான் கல்யாணத் தூது பேசியிருக்கிறேன். பாய் நிமிர்ந்து பார்த்தது அதைத்தான்.

“பாய், அன்னிக்கே ஏன் சொல்லல?”

“இன்னாத்த சொல்லல?”

“ஆடின்னு.”

பாய் கல்லாவை விட்டு எழுந்தார். “அடக் கடவுளே. அத நான் உங்களுக்குச் சொல்லணுமா சார்? எனக்கே ஆடில பாதி சரக்கு ஓடுது. நீங்க பெரிய ஆபீசரு, முன்னாடியே துண்டு போட்டு வைக்கறீங்கன்னு நெனச்சேன். அவுருகிட்ட சொன்னேன், அவுரு மூஞ்சி அப்படியே பூரிச்சிப் போச்சி. ‘ஆடி போவட்டும் பாய், என் பொண்ணையும் கூட்டினு போய் மொறையாப் பேசலாம்’னாரு. அப்புறம் நீங்களே போனப் போட்டு வேணாம்ன்னுட்டீங்க. தங்கச்சி மனசு மாறிடுச்சோன்னு நானும் கேக்கல. பொம்பளப் புள்ள வெசயம், எப்படிக் கேக்கறது?”

“அவரு இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு ஒரு மிஷினக் கழட்டி மாட்டினாரு, நாலு ஸ்க்ரூ மிச்சம்.”

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பாய் என் கையிலிருந்த தூக்கைப் பார்த்தார். “இது இன்னா?”

“கூழு.”

“வெத்தல பாக்கோட தூது வந்து பாத்துக்கீறேன். கூழோட வந்த மொத ஆளு நீங்கதான்.” அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல், லைனிங் வாங்க வந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

எங்கள் பணியில் ஒரு முறை உண்டு. தவறு எந்த வழியாகப் போனதோ அந்த வழியாக வருத்தம் போகக் கூடாது, நேரில் போக வேண்டும். எதிரில் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் ஒரு மிஷினின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தூதர் மொழியில் பேசவில்லை. “தப்பு என்னுது. என் தங்கச்சி வேணாம்னு சொல்லவே இல்ல. நீங்க பதில் சொல்லாததப் பாத்து நானா முடிவு பண்ணிட்டேன். அவகிட்ட நீங்க வேணாம்னு சொன்னதாச் சொல்லிட்டேன்” என்றேன்.

அவர் ஸ்பேனரை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். “இன்னும் ஆடி கழியல சார். நான் இப்ப ஒண்ணும் பேச மாட்டேன்” என்றார்.

நான் தலையாட்டிவிட்டுப் படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “சார், அந்த ஓவர்லாக்கு… இன்னும் இழுக்குதா?”

“கத்துது.”

“மீசைக்காரன் ஊசிய மாத்திப் போட்டுருப்பான். அது வலது பக்கம் ஒரு நூல் அளவு சாஞ்சிதான் நிக்கணும். அவங்க கை அப்படி.”

அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள என் மனம் துடித்தது. ஆனால் மௌனத்துக்கு அர்த்தம் சொல்லி ஒருமுறை பட்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தங்கையிடம் சொல்வதுதான் இருந்ததிலேயே கடினம். மிஷின் ஓடும்போது சொன்னேன், அவள் பாணியிலேயே. அவள் நிறுத்திவிட்டாள். என்னையே பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது கோபம்தான், சந்தேகமில்லை.

“எப்போ கேட்ட? ஆனில இல்ல?”

“ஆடி ரெண்டாம் தேதி.”

“ஆடி ரெண்டுல போய்க் கேட்டுட்டு, இருபதுல வேணாம்னுட்டியா?” கையிலிருந்த இன்ச் டேப்பை என்மேல் வீசினாள். “பதிலே வரலன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா, ஆடிண்ணா, பேசாம இருன்னு நான் சிரிச்சினு போயிருப்பேன். ஒரு வாரம் நான் எப்படிக் கெடந்தேன் தெரியுமா? நீ தூதரா இருந்த நாடுங்கல்லாம் இன்னும் சண்ட போட்டுக்காமதான் கீதா?”

“இதுவரைக்கும் இல்ல.”

“ஆண்டவன்தான் காப்பாத்திக்கீறான்.”

டேப்பை எடுத்து மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கொஞ்சநேரம் அதைக் கையிலேயே சுற்றினாள். பிறகு, “அவரு இன்னா சொன்னாரு?” என்றாள், டேப்பைப் பார்த்தபடி.

“ஆடி கழியட்டும்னாரு. ஓவர்லாக் இழுக்குதான்னு கேட்டாரு. ஊசி வலது பக்கம் சாஞ்சி நிக்கணுமாம். உன் கை அப்படியாம்.”

நான் எந்த விளக்கமும் சேர்க்கவில்லை. அவள் எழுந்து போய் ஓவர்லாக்கின் ஊசியைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு போனை எடுத்து அவளே எண்ணைத் தட்டினாள்.

“நான்தான். மிஷின் ரிப்பேரு. வந்து பாருங்க.” அந்தப் பக்கம் ஏதோ சொன்னார். “ஆடின்னா பேச்சுக்குத்தான். மிஷினுக்கு ஏது ஆடி?” என்று வைத்துவிட்டாள். என் பக்கம் திரும்பி, “இனிமே நீ தூது போவாத. ரிட்டையராயிட்டல்ல?” என்றாள்.

மறுநாள் காலை அவர் வந்தார். புதுச் சட்டை. மிஷின் வேலைக்கு யார் புதுச் சட்டை போடுவார்கள். ஓவர்லாக் முன்னால் உட்கார்ந்து பிரித்தார். என் தங்கை இரண்டடி தள்ளி உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தாள். முழுதாக ஒரு மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கையை நீட்டுவார், அவள் நிமிராமலே அதில் டார்ச்சை வைப்பாள். மறுபடி நீட்டுவார், ஆயில் கேனை வைப்பாள். எது வேண்டுமென்று அவர் சொல்லவே இல்லை. நான் மூலையில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மிஷின் தேனாக ஓடியது. அவர் எழுந்து என்னிடம் மட்டும், “இன்னும் மூணு நாளு சார்” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

அந்த மூன்று நாளும் என் தங்கை மிஷின் மிதித்துக்கொண்டே பாடினாள். நான் மனைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பேரக்குழந்தை அழும் சத்தத்தை மீறி அவள் சொன்னது கேட்டது, “அலமாரிக்கு முன்னாடி நீங்க குனிஞ்சப்பவே நான் யோசிச்சிருக்கணும்.”

ஆவணி முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு அவரும் வானகரத்து மகளும் வந்தார்கள். கூடவே பாய், கையில் ஒரு கட்டு ரோஜா நிற லைனிங் துணி. மகள் தட்டில் பூவும் பழமும் வைத்திருந்தாள். என்னைப் பார்த்து, “நீங்கதான் அந்த அம்பாசிடர் மாமாவா? எங்கப்பா ஒரு வாரம் சோறு துன்னல, தெரியுமா?” என்றாள். நான் ஹோட்டல் அலமாரிக்குக் குனிந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

நாற்காலி போட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னேன். மெக்கானிக் உட்காரவில்லை.

“சார், நீங்க பெரியவரு, மொறைப்படி உங்ககிட்டதான் சொல்லணும். ஆனா போன வாட்டி உங்ககிட்ட விட்டதுல எங்கியோ போயிடுச்சி. கேட்டவங்ககிட்டயே சொல்லிக்கறேன்.”

கடைக்குள் போனார். உள்ளே என் தங்கை மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து ஏதோ சொன்னார். அந்தச் சத்தத்தில் வெளியே எங்கள் ஒருவர் காதிலும் விழவில்லை. பாய் கழுத்தை நீட்டிப் பார்த்தார், மகள் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் என்ன சொன்னாள் என்பதும் அதற்குள்ளேயே போய்விட்டது.

பிறகு மிஷின் நின்றது. வாசல் திரையை விலக்கி என் தங்கை தலையை மட்டும் நீட்டினாள். முகம் முழுக்கச் சிவந்திருந்தது.

“ண்ணா, எல்லாருக்கும் டீ போடு. இவருக்கு மட்டும் சக்கர அரை ஸ்பூனு.”

பத்து வருஷமாகத் தெரிந்த அளவு. நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.